இறால் பண்ணையில் ராத்திரித் திருட்டு: திருடன் செத்தால் கேஸ் யார் மேல்?

தேவிபட்டினத்தான்:
தேவிபட்டினம் பக்கம் குத்தகைக்கு எடுத்த இறால் பண்ணை. வனாமி ரக இறால், அறுவடைக்கு நெருங்கிவிட்டது. ராத்திரியில் வீச்சுவலையோடு ஆட்கள் இறங்குகிறார்கள். போன மாதம் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நஷ்டம் மோட்டாரோடு நிற்காது, அண்ணன்மாரே. விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கினால் குட்டை மொத்தமும் செத்து மிதக்கும்.

மச்சான் இரண்டு யோசனை சொல்கிறான். கரையைச் சுற்றிக் கம்பி இழுத்து ராத்திரி மட்டும் கரண்ட் விடுவது ஒன்று. தீவனக் கொட்டகையில் அரிவாளோடு படுத்திருப்பது இன்னொன்று. "நம்ம இடத்துக்குள் வந்து செத்தால் கேஸ் நிற்காது" என்கிறான். டெக்சாஸ் சட்டத்தை யூடியூபில் பார்த்தானாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "போலீஸுக்குப் போ" என்று மட்டும் எழுதாதீர்கள், போயாயிற்று.

பாம்பன் வல்லம்:
பிடித்துக் கட்டிவைத்து நாலு சாத்து சாத்தி ஒப்படையுங்கள். அரிவாள் வேண்டாம் தம்பி.

ராம்நாடு வக்கீல்:
டெக்சாஸில் ராத்திரித் திருட்டைத் தடுக்கச் சுடுவதற்குக்கூடச் சில நிபந்தனைகளோடு இடமுண்டு, அது நிஜம்தான். உங்கள் வழக்கு நடக்கப்போவது ராமநாதபுரம் கோர்ட்டில்.

இங்கே 2024 ஜூலை 1 முதல் குற்றங்களுக்கான சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா. தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரைதான், எண் மாறியிருக்கிறது. சொத்துக்காக உயிர் போகும் அளவுக்கு அடிக்கலாம் என்பது பிரிவு 41. அதில் நான்கே சந்தர்ப்பம். மிரட்டியோ தாக்கியோ பறிக்கும் கொள்ளை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுவது. ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைக்கும் கட்டடம், கூடாரம், கலத்துக்கு (படகு, கப்பல்) தீயோ வெடியோ வைப்பது. நாலாவதாக, திருட்டோ அத்துமீறலோ நடக்கும் விதத்தைப் பார்த்தால், தடுக்காவிட்டால் உயிரோ கையோ காலோ போகும் என்று நியாயமாகவே பயப்படும் நிலை.

உங்கள் கணக்குக்கு வருவோம். வீச்சுவலை வீசி இறால் அள்ளுகிறவன் செய்வது வெறும் திருட்டு. தடுக்கலாம், பிடிக்கலாம், தேவையென்றால் அடிக்கலாம். பிரிவு 42 அதோடு நிறுத்திவிடுகிறது, கொல்ல முடியாது. அதே ஆள் கத்தியைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேல் வந்தால் விஷயமே வேறு. அது உடலைக் காக்கும் உரிமை, பிரிவு 38. கொட்டகைப் பூட்டை ராத்திரி உடைத்தால் அது 41-க்குள் வரும்; ஆனாலும் தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது என்று பிரிவு 37 குறுக்கே நிற்கும். அவன் வெளியே குதித்து ஓட ஆரம்பித்த பிறகு முதுகில் விழும் வெட்டுக்குத் தற்காப்பு என்று பேர் வைக்க முடியாது. பாம்பன் அண்ணனுக்கும் சொல்கிறேன்: கட்டிவைத்த பிறகு சாத்துவதும் அப்படித்தான்.

உயிர் பயத்தில் நிற்கிறவன் அடியைத் தராசில் நிறுத்துப் போட முடியாது என்பது கோர்ட்டுக்கும் தெரியும். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல் எல்லை மீறிவிட்டால்கூடக் கொலை என்பது ஒருபடி இறங்கும். ஆனால் கொல்வதற்கென்றே அரிவாளோடு காத்துப் படுத்திருந்தேன் என்பவருக்கு அந்தச் சலுகையைக் கேட்க எனக்கே நா எழாது.

மச்சான் கட்சி:
கம்பியைத் தொட்டது அவன். நாம் யாரையும் அடிக்கவில்லையே?

ராம்நாடு வக்கீல்:
இதைச் சொல்லிப் பார்த்த ஒருவர் இருக்கிறார். பீகாரில் செருபின் கிரிகோரி என்பவர், பக்கத்து வீட்டார் தன் கழிப்பறைக்கு வருகிறார்கள் என்று வழியில் மின்கம்பி வைத்தார். ஒரு பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர் என்பதற்காக உயிருக்கு விலை இல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 1963 தீர்ப்பு. கம்பிக்கு வந்தவன் திருடனா, சுள்ளி பொறுக்க வந்த கிழவியா என்று தெரியாது. கேஸ் போடும்போது கம்பி இழுத்தவர் பேரைத்தான் எழுதுவார்கள்.

பழைய ஒயர்மேன்:
சட்டத்தை விடுங்க. உப்புக்காற்று, ஈரக் கரை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் போட்டால் அந்தக் கம்பி ராத்திரிக்கு நூறு தடவை ட்ரிப் ஆகும். அதனால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுப்பார்கள். அப்புறம் அதிகாலையில் தீவனம் போடப் போகிற உங்கள் ஆள்தான் முதலில் போவான். நான் இறக்கிய உடல்களில் திருடன் குறைவு.

தேவிபட்டினத்தான்:
கம்பியும் இல்லை, அரிவாளும் இல்லை. மச்சானுக்குப் படித்துக் காட்டிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். டார்ச், நாய், ஷிப்டுக்கு இரண்டு ஆள் என்று பார்க்கிறோம்.

பாம்பன் வல்லம்:
வக்கீல் சார், 'பொருள் வைக்கும் கட்டடம்' என்றீர்களே. எங்கள் வலைக் கொட்டகைக்கு எவனாவது ராத்திரி தீ வைத்தால்?

ராம்நாடு வக்கீல்:
பொருள் வைக்கும் கொட்டகை என்றால் 41-க்குள் வரும், பகலானாலும் ராத்திரியானாலும். ஆனால் அவன் வைக்கும்போதோ வைக்க முனையும்போதோதான். மறுநாள் டீக்கடையில் பார்த்துத் தீர்த்துக்கொள்வதற்கு இல்லை.