தள்ளுகுச்சி வைத்தும் பட்டை பின்னால் பறக்கிறது, எங்கே தப்பு?

அருமனை_தேன்பெட்டி:
வணக்கம். அருமனைப் பக்கம் தேனீப் பெட்டி செய்து கொடுக்கிறேன். ரப்பர் துளிர் விட்டால் தேன் வரத்து தொடங்கிவிடும், அதற்குள் அறுபது பெட்டிக்குச் சட்டம் வேண்டும் என்று ஆர்டர். 22 மி.மீ. அகலத்தில் பட்டை கிழிக்க வேண்டும். பலகை 18 மி.மீ. கனம், இரண்டடி நீளம். கொஞ்சம் அயனி, மிச்சமெல்லாம் ரப்பர் மரம்.

மரம் அறுக்கிற மெஷின் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. இரும்பு மேசை, 2 எச்.பி. மோட்டார், பெல்ட், 10 அங்குல பிளேடு. பலகையை ஒட்டித் தள்ளுகிற கைடு என்பது ஒரு எல் ஆங்கிள்தான், இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குவேன். பிளேடுக்கு மூடி கிடையாது.

விரல் போய்விடுமோ என்று பயந்து, பழைய ரீப்பரின் நுனியை மீன்வாய் மாதிரி வெட்டி ஒரு தள்ளுகுச்சி செய்தேன். போன வியாழக்கிழமை, கடைசி நாலு விரற்கடை அறுக்க இருக்கும்போது பட்டையின் முன்முனை மேலே எழும்பியது. குச்சி வழுக்கியது. பட்டை என் இடுப்பை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மில் குத்தியது. டிரம் ஓட்டை.

இதற்கு முன் ஆறு மாதம் வெறும் கையால்தான் தள்ளினேன், ஒன்றும் ஆகவில்லை. குச்சியைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

செங்கோட்டை_மரவாடி:
தம்பி, குச்சியைத் தூக்கிப் போடலாம். ஆனால் கைக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

பிளேடின் முன்பக்கப் பல், அதாவது நீங்கள் நிற்கிற பக்கத்துப் பல், கீழ்நோக்கி இறங்குகிறது, மரத்தை மேசையோடு அமுக்கும். பின்பக்கப் பல் மேசைக்கு அடியிலிருந்து மேலே ஏறி வருகிறது. அறுத்துக் கடந்த மரம் லேசாகச் சாய்ந்து அந்தப் பின்பல்லில் பட்டால் போதும், தூக்கி உங்கள் பக்கமே எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல். டிரம் பிழைக்காது.

உங்கள் குச்சி பட்டையின் பின்மூலையை மட்டும் தள்ளுகிறது. முன்பாதியை அமுக்க ஆளே இல்லை. கையால் தள்ளியபோது உங்களுக்கே தெரியாமல் உள்ளங்கை மேலேயும் அமுக்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் அந்த ஆறு மாதம் ஓடியது. உங்களுக்கு வேண்டியது குச்சி இல்லை, தள்ளுகட்டை. மேலே அமுக்கவும் வேண்டும், பின்னாலிருந்து தள்ளவும் வேண்டும்.

ஒரு கேள்வி. அறுத்த பட்டையின் ஓரம் கறுத்துப்போய் வருகிறதா?

அருமனை_தேன்பெட்டி:
ஆமாம் அண்ணாச்சி, கைடு பக்கம் வரும் பட்டையின் அறுத்த ஓரத்தில் தீய்ந்த கோடு வரும். பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்தேன்.

தோவாளை_பழைய_ஆசாரி:
நாங்கள் முப்பத்தைந்து வருஷம் கட்டையும் இல்லாமல் குச்சியும் இல்லாமல்தான் அறுத்தோம். மரத்தின் போக்கு கைக்குத்தான் தெரியும். நடுவில் கட்டையை வைத்தால் மரம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் போகும்.

பாறசாலை_பலகை:
ஆசாரி அண்ணே, உங்கள் கை அனுபவத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் இடது பெருவிரலில் பாதி நகம் இல்லை. என் அப்பாவுக்குச் சுண்டுவிரலே இல்லை. இரண்டு பேருக்கும் மரத்தின் போக்கு நன்றாகவே தெரியும்.

தோவாளை_பழைய_ஆசாரி:
சரி. பயல் கட்டையே செய்யட்டும். ஆனால் அதில் ஆணி அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பாறசாலை_பலகை:
அதுதான் முதல் விஷயம். தள்ளுகட்டை பிளேடில் வெட்டுப்படத்தான் போகிறது, அதற்காகத்தான் அது. அதனால் கீழ்ப்பாதியில் ஆணியோ திருகோ கூடாது, பசை மட்டும்.

நான் செய்கிற விதம்: 18 மி.மீ. பிளைவுட், ஓர் அடி நீளம், அரை அடி உயரம். மேலே கைவாள் பிடி மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள், கை மேசையிலிருந்து நாலு அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். பிடியைக் கட்டையின் வாலில் வைக்காமல் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் வையுங்கள். வாலில் வைத்தால் தள்ளும்போது மூக்கு தூக்கும், மறுபடி உங்கள் பழைய குச்சிக் கதைதான்.

அடிப்பக்கம் பின்னால் ஒரு குதிகால் வேண்டும், 6 மி.மீ. கீழே இறங்கி நிற்கிற மாதிரி. அதுதான் பட்டையின் பின்முனையைப் பிடித்துத் தள்ளும். தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறு ஒட்டலாம், குதிகாலை மட்டும் தனித்துண்டாக வையுங்கள். அடியில் பழைய ஹவாய் செருப்பை அறுத்து ஃபெவிகால் எஸ்.ஆர். போட்டு ஒட்டினால் பட்டையை நன்றாகக் கவ்வும். மரத்தூள் படிந்தால் வழுக்கும், அவ்வப்போது ஈரத்துணியால் துடையுங்கள். (தூளுக்கு எங்கள் கேரளப் பக்கம் அறக்கப்பொடி. எல்லை தாண்டினால் பேர் மாறும், கண்ணில் விழுந்தால் இரண்டு பக்கமும் ஒரே எரிச்சல்தான்.)

உங்கள் பட்டை 22, கட்டை 18. அதனால் பிளேடுக்கும் கைடுக்கும் நடுவே கட்டை தாராளமாகப் போகும். பட்டையின் வால் பிளேடின் பின்பல்லைத் தாண்டி நாலு விரல் போகிறவரை கையை எடுக்கக் கூடாது. இடது கை பிளேடுக்கு முன்னாலேயே நிற்கட்டும், பக்கவாட்டில் நீட்ட வேண்டாம்.

செங்கோட்டை_மரவாடி:
கட்டை செய்வதற்கு முன்னால் கைடைப் பாருங்கள். தீய்ந்த கோடு என்றால் எனக்கு அங்கேதான் சந்தேகம். மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் போடுங்கள். அந்தப் பல் முன்னால் மேசை மட்டத்தில் இருக்கும்போது கைடு வரை அளந்து கொள்ளுங்கள். அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து திரும்ப அளக்க வேண்டும். பின்னால் குறைந்தால் கைடு பட்டையைப் பிளேடோடு வைத்து நசுக்குகிறது என்று அர்த்தம்.

அருமனை_தேன்பெட்டி:
அளந்தேன். முன்னால் 22, பின்னால் இருபதரை!

செங்கோட்டை_மரவாடி:
அப்புறம் பறக்காமல் என்ன செய்யும். ஒன்றரை மி.மீ. ரொம்ப அதிகம். முன்னும் பின்னும் ஒரே அளவு வர வேண்டும், பின்னால் ஒரு மயிரிழை அகன்றிருந்தாலும் பரவாயில்லை. எல் ஆங்கிளைக் கிளாம்ப் போட்டு இறுக்கும்போது ஒரு முனை நகரும், ஒவ்வொரு தடவையும் இறுக்கிய பிறகு அளந்து பாருங்கள்.

ரப்பர் மரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அதில் வளரும்போதே இழுபட்டு நிற்கிற பகுதி, அதாவது இழுவிசை மரம், அதிகம், உள்ளே முறுக்கிக்கொண்டு இருக்கும். கிழித்ததும் பட்டை வில்லாக வளையும், இல்லாவிட்டால் அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அயனி இந்த அளவுக்குப் படுத்தாது. ரப்பருக்கு நான் கைடோடு ஓர் அரைப் பலகையைச் சேர்த்து வைப்பேன், அது பிளேடின் நடு வரைக்கும்தான் வரும். அதற்கு அப்பால் பட்டை விரிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

சித்தூர்_தச்சுப்பட்டறை:
பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து. வெல்டிங் பட்டறையில் பிளேடுக்குப் பின்னால் ஒரு பிரிகத்தி வைத்துத் தரச் சொல்லுங்கள். கம்பெனி மெஷின்களில் ரைவிங் நைஃப் என்று வருமே, அதுதான். பிளேடின் தகட்டைவிடக் கனமாகவும், பல் வெட்டுகிற அகலத்தைவிட மெல்லிசாகவும் இருக்க வேண்டும். அறுத்த வாயை மூடவிடாது, பட்டை பின்பல்லில் சாயவும் விடாது. பிளேடு உயரத்தைச் சொல்லவில்லையே?

அருமனை_தேன்பெட்டி:
எப்போதும் முழு உயரத்தில்தான் வைத்திருக்கிறேன். ஏற்றி இறக்கும் திருகு துருப்பிடித்துவிட்டது.

சித்தூர்_தச்சுப்பட்டறை:
மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். 18 மி.மீ. பலகைக்குப் பல் ஆறு மி.மீ. மேலே தெரிந்தால் போதும்.

அருமனை_தேன்பெட்டி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். திருகு இளகியது. கைடு நேரானது, அரைப் பலகையும் வைத்தேன். கட்டை செய்துவிட்டேன், செருப்பு மனைவியுடையது, அது தனி வழக்கு. நூற்று நாற்பது பட்டை கிழித்தாயிற்று, ஒன்றுகூடத் துள்ளவில்லை, கறுப்புக் கோடும் இல்லை. நானும் இப்போது பிளேடுக்கு நேராக நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறேன்.

ஒரே ஒரு பட்டையில் மட்டும் கட்டை வழுக்கியது. பார்த்தால் அந்தப் பலகையின் வால் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது, குதிகால் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது எல்லாப் பலகையின் வாலையும் முதலில் மூலைமட்டம் வைத்துச் சதுரமாக வெட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன். பிரிகத்திக்கு வெல்டிங் ஆள் திங்கள்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

தோவாளை_பழைய_ஆசாரி:
குதிகாலுக்கு என்ன மரம் வைத்தாய்?

அருமனை_தேன்பெட்டி:
அயனித் துண்டு அண்ணே. ஆணி இல்லை, பசைதான்.