மீனுக்கு வெட்டிய குளம்

கொல்லையில் நான் குளம் வெட்டியது மீன் வளர்க்கத்தான், பறவைகளை நினைத்தே பார்க்கவில்லை. முதல் வருடம் ஒன்றும் இறங்கவும் இல்லை. மைனா விளிம்பில் உட்காரும், எட்டிப் பார்க்கும், போய்விடும். நான்கு பக்கமும் செங்குத்தாக 2 அடி ஆழம், கால் வைக்க இடமே கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் ஒரு மழையில் ஒரு பக்கக் கரை சரிந்து மண் உள்ளே இறங்கிவிட்டது. சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். அடுத்த வசந்தத்தில் கூட்டம் தொடங்கியது, அத்தனையும் அந்தச் சரிந்த மூலையில்தான். அங்கே விரலை விட்டுப் பார்த்தால் தண்ணீர் 2 அங்குலம்கூட இல்லை!

கொண்டைக்குருவி குளிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் மார்பை மட்டும் நனைத்துவிட்டுக் கிளைக்கு ஓடிவிடும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்ப வரும், இப்படி மூன்று நான்கு தடவை ஆன பிறகுதான் துணிந்து உட்கார்ந்து இறக்கையை அடித்துக்கொள்ளும், கொண்டை தலையோடு ஒட்டிப்போய் ஆளே அடையாளம் தெரியாது. அத்தனை பயத்துக்கும் காரணம் இருக்கிறது, இறகு நனைந்துவிட்டால் சட்டென்று பறக்க முடியாதே. தவிட்டுக்குருவிகளுக்கு அந்தக் கவலை குறைவு. கூட்டமாக இறங்கும், ஒன்று மட்டும் மேலே காவல். புறா வந்தால் அது குடிப்பதைக் கவனியுங்கள். மற்றவை ஒரு வாய் அள்ளி அண்ணாந்து விழுங்கும், இது அலகை எடுக்காமலே உறிஞ்சும். தேன்சிட்டு மட்டும் என் குளத்தைச் சட்டை செய்ததே இல்லை. செடிக்குத் தண்ணீர் தெளித்தால் ஈர இலையில் புரண்டே குளியலை முடித்துக்கொள்கிறது.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். ஒருநாள் சின்ன நீல மீன்கொத்தி வந்தது. பிடித்த மீனைத் துணிக்கொடிக் கம்பத்தில் இப்படியும் அப்படியுமாக அடித்து, வாயிலேயே திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கியது. அப்படி விழுங்கினால்தான் துடுப்பும் செதிலும் தொண்டையில் சிக்காது. 11 மீன் இருந்த இடத்தில் மிச்சம் 4. வலை போட்டேன், இரண்டாம் நாளே ஒரு மைனாவின் கால் அதில் மாட்டிக்கொண்டது, கத்தரித்து விடுவிப்பதற்குள் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வலையைச் சுருட்டி எறிந்துவிட்டு உடைந்த பானை ஒன்றை அடியில் போட்டேன். மீன்கள் அதற்குள் பதுங்கப் பழகிவிட்டன. மீன்கொத்தியும் பழகிவிட்டது. தீனி போட்டால் மீன்கள் மேலே வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல, காலையில் நான் தீனி டப்பாவோடு வெளியே வரும்போது எனக்கு முன்பே கம்பத்தில் உட்கார்ந்திருக்கிறது.