புதுப்பிப்பு: திரும்பச் சொல்லும் பயிற்சியைத் தொடர்கிறேன்

வேளச்சேரியில் இந்தி பேசும் பணியாளர்களுக்கு மாலை வகுப்பில் பேச்சுத் தமிழ் கற்பிக்கும் நான், சொன்னதையே திரும்பச் சொல்ல வைக்கும் பயிற்சி தேவைதானா என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன்; கிளிப்பிள்ளைப் பாடம் என்று பலர் மறுத்திருந்தீர்கள். இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் படை வகுப்புகளில் வலுப்பெற்ற இம்முறையின் உளவியல் அடித்தளத்தை, அதாவது மொழி பழக்கத்தால் படிவது என்ற கருத்தை, உளவியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு 1959இல் மொழியியலாளர் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை ஆட்டங்காண வைத்தது உண்மைதான். ஆயினும் பயிற்சியைக் கைவிடாமல் மாற்றியமைத்தேன்.

மின்சார ரயில் நிலையப் பெயர்களை எடுத்துக்கொண்டோம். ‘கிண்டிக்குப் போறேன்’ என்பதில் கிண்டிக்குப் பதிலாக எழும்பூர் வந்தால் ‘எழும்பூருக்கு’, மாம்பலம் வந்தால் ‘மாம்பலத்துக்கு’. மகரத்தில் முடியும் பெயர் ‘த்து’ ஏற்பதை விதியாக விளக்கியபோது தலையாட்டியவர்கள், பேசும்போது ‘மாம்பலம்கு’ என்றே சொன்னார்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று கலைத்துப்போட்டுக் கேட்ட பிறகே நாக்கு பழகியது. உடனடியாக, நாளை உண்மையில் எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன். அங்கே ஒப்பித்தல் நின்று பேச்சு தொடங்குகிறது.

கோரஸாகச் சொல்வதைக் குறைத்துவிட்டேன் (கூச்சமுள்ளவருக்கு அது நல்ல மறைவிடம், ஆனால் யார் தடுமாறுகிறார் என்பது எனக்குக் கேட்பதில்லை). ‘போகல’, ‘போகமாட்டேன்’ ஆகியவற்றின் வேறுபாட்டுக்கு இப்பயிற்சி அவ்வளவாக உதவவில்லை. அதற்குச் சூழலோடு கூடிய உரையாடலே வேண்டியிருக்கிறது.