அப்பாவுக்கு பைபாஸ்: குடும்பக் குழுவில்

குமார்: அப்பாவுக்கு ஆஞ்சியோ முடிஞ்சுது. மூணு குழாய்லயும் அடைப்பு. லெஃப்ட் மெயின்ல 70 சதவீதமாம். பைபாஸ்தான்னு சொல்லிட்டாங்க.

ராணி அத்தை: அய்யோ, அண்ணன் நேத்து வரைக்கும் நல்லாத்தானப்பா நடமாடிட்டு இருந்தாரு

மதுரை சித்தப்பா: நெஞ்சைத் திறக்காம, குழாயை விரிச்சு வைக்கற ஸ்டென்ட் வைக்கலாமே? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மூணாம் நாளே வீட்டுக்கு வந்துட்டாரு.

ராணி அத்தை: இஞ்சி, பூண்டு, எலுமிச்சை சாறு குடிச்சா அடைப்பு கரையுமாம். அனுப்பறேன் குமாரு

கவிதா: அம்மா, வேணாம்மா. வருஷக்கணக்கா படிஞ்சு இறுகின கொழுப்பு சாறுல கரையாது. அதை நம்பி நாளைக் கடத்திட்டு அட்டாக்கோட வந்தவங்களை எங்க வார்டுல பாத்திருக்கேன்.

கவிதா: சின்ன மாமா, ஒண்ணு ரெண்டு அடைப்புன்னா பல சமயம் ஸ்டென்ட் போதும். அட்டாக் வந்துட்டிருக்கும்போதும் பெரும்பாலும் ஸ்டென்ட்தான். பெரிய மாமாவுக்கு லெஃப்ட் மெயின். இதயத்தோட இடது பக்கம் பெரும்பகுதிக்கு ரத்தம் அது வழியாத்தான் போகுது. கூடவே 20 வருஷ சுகர். சுகரோட பல குழாய் அடைப்பு இருந்த 1900 பேரை வச்சு ஸ்டென்ட்டா பைபாஸான்னு பாத்த ஆய்வு 2012ல வந்துச்சு. 5 வருஷத்துல இறப்பும் அட்டாக்கும் பைபாஸ் பண்ணவங்களுக்குத்தான் குறைவு. பக்கவாதம் மட்டும் கொஞ்சம் கூட. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

மதுரை சித்தப்பா: சரிம்மா. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வைக்கற மாத்துக் குழாய் எங்கிருந்து எடுப்பாங்க?

கவிதா: நெஞ்சுக்குள்ள இருக்கற தமனி ஒண்ணு, மிச்சத்துக்குக் கால்ல இருந்து எடுக்கற ரத்தக் குழாய் (சிரை). நெஞ்சுத் தமனி 10 வருஷம் தாண்டியும் பெரும்பாலும் அடைக்காது. குமார், எதுக்கு எந்தக் குழாய் வைக்கப்போறாங்கன்னு சர்ஜன்கிட்ட கேளு. ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையை எப்போ நிறுத்தணும்னும் கேட்டுக்கோ. நீங்களா நிறுத்திடாதீங்க.

குமார்: சரி கவிதா. காப்பீட்டு அட்டை எடுத்து வச்சுட்டேன். ரத்தம் கொடுக்க ஆள் வேணும்.

மதுரை சித்தப்பா: நானும் பையனும் காலைல முதல் பஸ்ல வர்றோம்.

குமார்: அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. மாட்டுக்கு எப்போ தண்ணி தூக்கலாம்னு.

கவிதா: நெஞ்செலும்பைக் கம்பி போட்டுத்தான் சேர்ப்பாங்க. எலும்பு ஒட்டிச் சேர 6லிருந்து 8 வாரம் ஆகும். பக்கெட்டை எல்லாம் 3 மாசத்துக்கு மறந்துடச் சொல்லு. மெதுவா நடக்கணும், அது கட்டாயம்.

ராணி அத்தை: நான் இன்னைக்கே ஊருக்குக் கெளம்பறேன். மாட்டை நான் பாத்துக்கறேன்னு அண்ணன்கிட்ட சொல்லு