தேடியது மல்லிக்குக் கவாத்து, வந்தது லண்டன் தோட்டம்: தப்பு தேடுபொறி மேலா, நம் மேலா?

உசிலம்பட்டி மல்லி

அரை ஏக்கரில் மல்லி நிற்கிறது. கவாத்து, அதாவது கிளையை வெட்டிவிடுவது பற்றி என் மகன் ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தான். முதல் பக்கம் முழுக்க இங்கிலாந்தும் அமெரிக்காவும். ‘கடைசி உறைபனி போன பிறகு வெட்டுங்கள்’ என்கிறான் ஒருத்தன். ‘குளிர் மண்டலம் எட்டுக்கு மேல் என்றால் வெளியில் வைக்கலாம்’ என்கிறான் இன்னொருத்தன், குளிரை வைத்து ஊர்களைப் பிரிக்கும் கணக்காம். உசிலம்பட்டியில் உறைபனிக்கு நான் எங்கே போவேன்? நம் பக்கம் நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவோம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் அதுதான். இதில் கொடுமை என்னவென்றால், வந்த பக்கங்களில் சில மல்லியைப் பற்றியதே இல்லை. ஸ்டார் ஜாஸ்மின் என்று அங்கே ஒரு கொடி வளர்க்கிறார்கள், அது அரளிக் குடும்பம். நடுவில் ஜாஸ்மின் என்ற பெயரில் நிரல்களைச் சோதிக்கும் மென்பொருள் ஒன்று வேறு.

நான் நிற்கும் இடம் போனுக்குத் தெரியாமல் இல்லை. புரோட்டா கடை கேட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையைச் சரியாகக் காட்டுகிறது. பூ கேட்டால் மட்டும் கடல் தாண்டுவானேன்? வெளிநாட்டுக்காரன் காசு கொடுக்கிறான், அவன் பக்கம் மேலே வருகிறது. இது என் கட்சி. இல்லை என்பவர்கள் வந்து சொல்லுங்கள்.

வைகை வடகரை

இல்லை என்று சொல்ல நான் இருக்கிறேன் அண்ணே. காசு கொடுத்தால் விளம்பரம் என்ற முத்திரையோடு வரும். அதற்குக் கீழே உள்ள பட்டியலில் இடம் விலைக்குக் கிடைக்காது. இணையதளம் கட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. விலைக்குக் கிடைத்தால் என் வாடிக்கையாளர்களே முதலில் வாங்கியிருப்பார்கள்.

புரோட்டா கடையும் கவாத்தும் ஒரே கிடங்கிலிருந்து வருவதில்லை. கடைகள் வருவது வரைபடப் பட்டியலிலிருந்து. அதில் முகவரி இருக்கிறது, உங்கள் போனிலிருந்து தூரத்தை அளந்து கிட்டத்தில் உள்ளதை எடுத்து நீட்டுகிறது. கவாத்து தகவல் கேள்வி. ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று கேட்டால் உசிலம்பட்டிக்குத் தனிப் பதில் உண்டா? கேட்பது ஊரைப் பொறுத்த கேள்வியா, உலகத்துக்கே பொதுவானதா என்று இயந்திரம் ஊகிக்கிறது. பொது என்று எடுத்துக்கொண்டால், உலகத்தில் யாருடைய பக்கத்துக்கு மதிப்பு அதிகமோ அது மேலே போகும். கூகுள் 1998-இல் கடை திறந்தபோதே அடிப்படைக் கணக்கு இதுதான்: மற்ற தளங்கள் உன்னைச் சுட்டுகின்றனவா, சுட்டுபவர்கள் எப்படிப்பட்டவர்கள். அப்புறம் ஆயிரம் விஷயம் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தக் கணக்கு ஒழியவில்லை. இங்கிலாந்துத் தோட்டத் தளத்தைச் சுட்டுவதற்கு அங்கே பத்திரிகை, பள்ளிக்கூடம், நர்சரி என்று ஊரே இருக்கிறது. நம் வேளாண் பல்கலைக்கழகப் பக்கத்தை இந்த இழையில் நீங்களே சுட்டவில்லையே!

சிம்மக்கல்காரன்

நான் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். வடகரைத் தம்பி தேடுபொறிக்கு வக்கீலாகவே வந்துவிட்டார். சரி, இதற்குப் பதில் சொல்லட்டும். கடைக் கணினியில் ‘கே.கே.நகர் ஸ்கேன் சென்டர்’ என்று போட்டால் சென்னைக் கே.கே.நகர் வருகிறது. அண்ணா நகர் போட்டாலும் அதே கதை. இரண்டும் மதுரையில் இல்லையா? அரை லிட்டர் பெட்ரோலில் போய்விடுகிற தூரத்தில் இருக்கிற இடத்துக்கு 450 கிலோமீட்டர் தள்ளி வழி காட்டுகிறது. உசிலம்பட்டி அண்ணனுக்கு லண்டன் வெளிநாடு. எனக்குச் சென்னையே வெளிநாடுதான்.

வைகை வடகரை

நல்ல கேள்வி. கடைக் கணினியில் ஜிபிஎஸ் கிடையாது. ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கு உள்ள எண்ணை வைத்துத்தான் ஊரைக் கணிக்க வேண்டும். அந்த முகவரி எந்த ஊருடையது என்று சில நிறுவனங்கள் பட்டியல் வைத்திருக்கின்றன. நம் இணைப்பு சுற்றிச் சென்னையிலோ பெங்களூரிலோ வெளியே வந்தால், பட்டியலில் நீங்கள் அந்த ஊர்க்காரர். போனில் டேட்டா போட்டால் இன்னும் மோசம், ஒரே முகவரிக்குப் பின்னால் பல ஊர் ஆட்கள். அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீடு உண்டு. இடம் தெரியாத அமெரிக்க முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடு மையம் என்று ஒரு புள்ளியை அப்படி ஒரு பட்டியல் நிறுவனம் வைத்திருந்தது, அந்தப் புள்ளி விழுந்தது அந்த வீட்டின் மேல். திருடனைத் தேடி, காணாமல் போனவரைத் தேடி என்று போலீஸ் அங்கே வந்துகொண்டே இருந்தது. 2016-இல்தான் விஷயம் வெளியே வந்தது.

ஒன்று செய்யுங்கள். கூகுளில் முடிவுகளின் அடிப்பகுதிக்குப் போனால், உங்களை எந்த ஊர் என்று நினைத்திருக்கிறது, எதை வைத்து என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே இருப்பிடத்தைப் புதுப்பிக்க வழி இருக்கிறது. கூகுள் தள முகவரியில் இந்தியாவுக்கு உரிய கோ.இன் என்று மாற்றிப் போட்டுப் பயனில்லை. 2017 அக்டோபரிலிருந்து அதைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆள் நிற்கிற இடம்தான் கணக்கு. கணினியில் யாராவது விபிஎன் (வேறு ஊர் வழியாக இணையத்துக்குப் போகும் ஏற்பாடு) போட்டு வைத்திருந்தால் அதையும் பாருங்கள்.

சிம்மக்கல்காரன்

பார்த்தேன். சென்னை என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். ஆனால் இதை வாடிக்கையாளன் கீழே போய்த் தோண்டித் தெரிந்துகொள்ள வேண்டுமா? சந்தேகம் என்றால் ‘எந்தக் கே.கே.நகர்?’ என்று மேலேயே கேட்க வேண்டியதுதானே? ஆட்டோக்காரர் கேட்கிறாரே.

அழகர்கோவில் ரோடு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எல்லாரும் இதை அலுப்பாகப் பார்க்கிறீர்கள், எங்களுக்கு இது தினசரித் தலைவலி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98 என்று ரிப்போர்ட் கொடுத்தோம். வாங்கிப் போன அம்மா கொஞ்ச நேரத்தில் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். போனை நீட்டினார். அதில் ‘4 முதல் 5.4 வரை இயல்பு’ என்று இருந்தது. “எனக்கு 98 தம்பி, எத்தனை மடங்கு பார், நான் பிழைப்பேனா?” என்றார்.

அது இங்கிலாந்துப் பக்கம். அங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு, நமக்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண். 5.4-ஐப் பெருக்கிப் பாருங்கள், 97 சொச்சம், அம்மாவின் 98-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. இதையே திருப்பி யோசியுங்கள். 7 என்றால் அங்கே சர்க்கரை நோய் என்று முடிவு செய்யும் கோடு, நம் கணக்கில் 126. வெளிநாட்டு மகன் வாங்கிக் கொடுத்த கருவியில் 9 என்று பார்த்துவிட்டு ‘ஒற்றை எண்தானே’ என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சல் மருந்து தேடினால் அசிட்டமினோஃபென் என்று வரும், நம் ஊர்ப் பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அதுதான் பெயர். அது வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொண்டால் கல்லீரலுக்குக் கேடு.

அதனால் ‘உலகத்துக்குப் பொதுவான கேள்வி’ என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். சர்க்கரை அளவு பொதுக் கேள்விதான், பதிலில் உள்ள அலகு பொது இல்லை.

வைகை வடகரை

சர்க்கரை விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை சார். அங்கே நாடு பார்த்துக் காட்டியே ஆக வேண்டும். அதற்கு ஏற்பாடும் இருக்கிறது. ஒரே பக்கத்துக்கு நாட்டுக்கு ஒரு பதிப்பு இருந்தால், இது இந்தியாவுக்கு, இது பிரிட்டனுக்கு என்று தளத்துக்காரர் ஒரு குறிப்பு வைக்கலாம். 2011-இலிருந்து கூகுள் அதைப் படிக்கிறது. ஆனால் இந்தியப் பதிப்பே இல்லாத பக்கத்துக்கு எந்தக் குறிப்பை வைப்பது?

என் கட்சி இதுதான். நம் ஊரில் தகவல் இருக்கிறது, பக்கம் இல்லை. மாட்டுத்தாவணியில் இன்றைக்கு மல்லி கிலோ என்ன விலை? காலையில் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அதற்குள் எந்தத் தேடுபொறியும் நுழைய முடியாது. அலுவலக அறிக்கை வேண்டுமா? காகிதத்தில் கையெழுத்து வாங்கி, சாய்வாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் போட்டிருப்பார்கள். அது படம், அதிலுள்ள எழுத்தை இயந்திரம் ஒழுங்காகப் படிக்கும் என்று நம்ப முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறமும் பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே ஏற்றியவை எத்தனை! பார்ப்பதற்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழில் தேடினால் எப்படி வரும்?

இன்னொரு வேடிக்கை. பாதுகாப்பு என்று சொல்லி நம் அரசுத் தளங்கள் சில இந்தியாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களைத் தடுக்கின்றன. கூகுளின் பக்கம் சேகரிக்கும் நிரல் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்து வருகிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, ‘எங்கள் பக்கம் ஏன் வரவில்லை’ என்று கேட்டால்?

உசிலம்பட்டி மல்லி

தம்பி, வேளாண் பல்கலைக்கழகப் பக்கம் இருக்கிறதே. தமிழிலேயே இருக்கிறது, யூனிகோடில் இருக்கிறது. என் மகன் அப்புறம் ‘மல்லிகை கவாத்து’ என்று தமிழில் போட்டபோது வந்தது. ஆங்கிலத்தில் கேட்டதும் அது ஏன் ஒளிந்துகொண்டது? ஆங்கிலத்தில் தட்டுகிறவன் எல்லாம் இங்கிலாந்திலா இருக்கிறான்? தமிழ்த் தட்டச்சுக்குச் சோம்பல்பட்டு ஆங்கிலத்தில் அடிப்பவன்தான் இங்கே பாதிப் பேர். இந்தியாவில் ஆங்கிலத்தில் கேட்டாலும் பொருத்தமான இடத்தில் தமிழ்ப் பக்கத்தையும் சேர்த்துக் காட்டுவோம் என்று 2020 டிசம்பரில் கூகுள் அறிவித்ததைச் செய்தியில் படித்தேன். அது எங்கே போயிற்று?

ஒத்தக்கடை டீச்சர்

தமிழில் தேடினால் உள்ளூர்தான் வரும் என்று யாரும் நம்ப வேண்டாம். என் பிள்ளைகள் பாடக் கேள்வியைத் தமிழில் போட்டால் இலங்கை வினாத்தாள் வருகிறது, மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பயிற்சி வருகிறது. மொழியை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. நம் மொழிக்கு மூன்று நான்கு நாடுகள் இருக்கின்றன.

ஆனால் உங்களைப் போல எனக்கு இதில் கோபம் இல்லை. பாடத்திட்டம் வேறு என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். அதைத் தாண்டினால் அங்கே எழுதி வைத்திருப்பதில் நல்லது நிறைய. 2005-இல் ஈழத்துக்காரர்கள் தொடங்கிய நூலகம் தளத்தில் பழைய நூல்களும் இதழ்களும் வருடி ஏற்றியிருக்கிறார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் போகவில்லை, ஏதோ தேடும்போது தானாக வந்து விழுந்தது. இந்தியா மட்டும் என்று வடிகட்டியிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. நாட்டுக்கு ஒரு வேலி போடு என்று கேட்கிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

சிம்மக்கல்காரன்

டீச்சர், உங்களுக்கு நூலகம் வந்தது. எனக்கு வந்தது மாடு. பழைய ஆங்கில ஆவணங்களில் மதுரையை மதுரா என்றுதான் எழுதியிருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஜல்லிக்கட்டுக் குறிப்பு ஏதாவது கிடைக்குமா என்று ஒரு கல்லூரி மாணவருக்காக அந்த எழுத்திலேயே போட்டு, காளை என்றும் சேர்த்தேன். வந்தது இந்தோனேசியா. ஜாவாவை ஒட்டி மதுரா என்றே ஒரு தீவு இருக்கிறது, கராப்பான் சாப்பி என்று மாட்டுப் பந்தயமும் அங்கே பிரபலம். ஒரு ஜோடி மாடு, பின்னால் ஏர் மாதிரி ஒரு கட்டையில் ஒரு பையன், பறக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

வைகை வடகரை

அதில் தேடுபொறியை எப்படித் திட்டுவது அண்ணே? நீங்கள் கேட்டது மதுரா, காளை. இரண்டையும் கொடுத்திருக்கிறது. கூட ‘தமிழ்நாடு’ என்று ஒரு சொல் போட்டிருந்தால் தீர்ந்தது.

சிம்மக்கல்காரன்

அங்கேதான் இடிக்கிறது. லண்டன்காரன் தோட்டத்தைப் பற்றித் தேடும்போது பின்னால் இங்கிலாந்து என்று சேர்க்கிறானா? அவனுக்கு வெறும் சொல் போதும். நமக்கு மட்டும் ஊர், மாவட்டம், மாநிலம் எல்லாம் வேண்டும். முகவரி எழுதாமல் எங்களுக்குத் தபால் வராது, அவனுக்குப் பெயர் போதும் என்கிறீர்கள்.

அப்புறம் காசு விஷயம். நீங்கள் முதலில் நைசாகக் கடந்துவிட்டீர்கள். கூகுள் விளம்பரத்தில் ‘இந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது இந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்கள்’ என்பதுதான் இயல்பு அமைப்பு. விளம்பரம் கொடுப்பவர் போய் மாற்றினால்தான் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகும். லண்டனில் படிக்கும் மகளுக்காக ஒரு தரம் வீடு தேடினால், அப்புறம் மதுரையில் உட்கார்ந்துகொண்டு லண்டன் விளம்பரம் பார்க்க வேண்டியிருக்கிறது. இது ஊகம் தவறியதா, வேண்டுமென்று வைத்ததா?

வைகை வடகரை

விளம்பரத்தில் வேண்டுமென்று வைத்ததுதான். அதைப் பட்டியலோடு குழப்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். தபால் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆங்கில இணையத்தை எழுதியவர்கள் அவர்கள், அதனால் அவர்கள் ஊர் அதில் இயல்பு. நாமும் எழுதினால் மாறும்.

அழகர்கோவில் ரோடு

எழுதுகிற வரைக்கும்? நல்ல பொருத்தம் கிடைக்கவில்லை என்று தெரிந்தால் அதைச் சொல்லலாமே. 2020-இல் அமெரிக்காவில் கூகுள் அப்படி ஓர் அறிவிப்பைக் காட்டத் தொடங்கியதாக நினைவு: உங்கள் தேடலுக்குச் சரியான பொருத்தம் இல்லை போலிருக்கிறது என்று. அதையே ‘இந்தப் பக்கம் வேறு நாட்டுக் கணக்கில் இருக்கிறது’ என்று ஒரு வரியாக இங்கே காட்டினால் எங்கள் லேப் வாசலில் பாதிக் கூட்டம் குறையும்.

சிம்மக்கல்காரன்

இல்லை என்று சொல்லிவிட்டால் விளம்பரத்தை எதற்குப் பக்கத்தில் வைப்பான்?

உசிலம்பட்டி மல்லி

நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது மொட்டில் புழு விழுந்திருக்கிறது. மொட்டைத் துளைத்து உள்ளே உட்கார்ந்து தின்கிறது, மொட்டு ஊதா நிறமாகி உதிர்கிறது. என்ன அடிக்கலாம்? தேடிப் பார் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

ஒத்தக்கடை டீச்சர்

எங்கள் அப்பா வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் அடிப்பார். உதிர்ந்த மொட்டை வயலில் விடாமல் பொறுக்கி அழிக்க வேண்டும். எதற்கும் கெட்ட மொட்டை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் வேளாண் கல்லூரிக்கு வாருங்கள் அண்ணே. பூச்சியியல் துறையில் பார்த்துச் சொல்வார்கள். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகிற பஸ் எல்லாம் அந்த வழிதான்.