விரல் மரத்துப்போகிறது: 5000 ரூபாயில் சைக்கிளில் எதை முதலில் மாற்றலாம்?

தாம்பரத்தான்:
தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஜிஎஸ்டி சாலையில் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு வழிக்கு 15 கி.மீ. போல வரும். வயது 52, எடை 84 கிலோ. அலுமினிய ஃபிரேம் ஹைப்ரிட் (ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்டது), 700 x 28 டயர் (28 மி.மீ. அகலம்), டிஸ்க் பிரேக். பல்லாவரம் வருவதற்குள் வலது கை சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிடுகின்றன. ஆபீஸ் போய்ப் பேனா பிடிக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. உட்காரும் இடத்திலும் வலி. சீட்டுக்கு ஜெல் கவர் போட்டுப் பார்த்தேன், வலி கூடியதுதான் மிச்சம். கடையில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை எடுத்துவிட்டு ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் ஃபோர்க் மாற்றச் சொல்கிறார்கள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததே சைக்கிளால்தான், விட மனசில்லை. கையில் 5000 இருக்கிறது. எதில் தொடங்கலாம்?

பஞ்சர்பெட்டி:
சார், ஃபோர்க் வேண்டாம். அந்த விலைக்கு வருவது கனம்தான் கூட்டும், ரோட்டின் பொடி அதிர்வை வாங்காது. அதை வாங்குவது டயர். காற்று எவ்வளவு அடிக்கிறீர்கள்?

தாம்பரத்தான்:
டயரில் 100 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. அதையேதான் அடிக்கிறேன்.

பஞ்சர்பெட்டி:
அது உச்ச வரம்பு, அவ்வளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நாளைக்கே பின்னால் 80, முன்னால் 72 வைத்து ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லை. அதற்கும் ரொம்பக் கீழே போகாதீர்கள். பள்ளத்தில் ரிம் இடித்து, டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் விழும்.

பிறகு 35 டயர் போடுங்கள். 28-ஐ விடக் காற்றுக்கான இடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, 60-க்குள் வைத்தே ஓட்டலாம். வாங்கும் முன் ஃபோர்க்கிலும் பின் ஃபிரேமிலும் இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். போட்ட பிறகு இரண்டு பக்கமும் 5, 6 மி.மீ. ஆவது இடைவெளி வேண்டும். டியூபும் அந்த அளவில் வாங்குங்கள்.

விரல் விஷயம் வேறு. அந்த இரண்டு விரலுக்கான நரம்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிறது, உடம்புப் பாரம் அதன்மேல் விழுகிறது. சீட் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் ஆள் முன்னால் சறுக்கி, பாரமெல்லாம் கைக்கு வந்துவிடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) கீழ்நோக்கி இருந்தால் கழற்றித் தலைகீழாக மாட்டலாம், ஹேண்டில்பார் 2 செ.மீ. போல உயரும். மாட்டும்போது முதலில் மேல்மூடி போல்ட், அப்புறம்தான் பக்கவாட்டு போல்ட். மாற்றி முறுக்கினால் ஃபோர்க் ஆடும்.

கோவை மிதி:
அண்ணா, அந்த ஜெல் கவரை முதலில் கழற்றுங்கள். ரொம்ப மெத்தென்று இருந்தால் நாம் உட்காரும் இரண்டு இடுப்பெலும்பு முனையும் அமுங்கி உள்ளே போய், பாரம் நடுவில் இருக்கும் நரம்பில் ஏறும். நானும் இரண்டு வருஷம் அவதிப்பட்டேன். சைக்கிளோடு வந்த சீட் என் இடுப்புக்குக் குறுகல், அவ்வளவுதான் விஷயம்.

பழைய அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, மர ஸ்டூலில் போட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து அழுத்தி உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அந்த எலும்புகள் பதிந்த இரண்டு குழி தெரியும். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். நடுவுக்கு நடு அளந்து, அதோடு 20, 25 மி.மீ. கூட்டினால் அதுதான் உங்கள் சீட்டின் அகலம். எனக்கு 130 வந்தது, 155 சீட் வாங்கினேன். முதல் வாரம் கெட்டியாகத் தெரிந்தது, பிறகு நினைவே வருவதில்லை.

தாம்பரத்தான்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காற்றைக் குறைத்த முதல் நாளே குரோம்பேட்டையில் வித்தியாசம் தெரிந்தது. சீட் மூக்கு நன்றாகவே கீழே சாய்ந்திருந்தது, நிமிர்த்தி ஸ்டெம்மையும் திருப்பி மாட்டினேன். 35 டயர் ஃபோர்க்கில் தாராளமாகப் போனது, பின்னால் இடம் போதவில்லை. அதனால் பின்னால் 32. டயரும் டியூபும் 2600 ஆனது. அட்டையில் 118 வந்தது, 143 சீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். மோதிர விரல் சரியாகிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் கத்திப்பாரா கிட்டே வரும்போது லேசாக மரக்கிறது. உள்ளங்கை தாங்குகிற அகலமான க்ரிப் யாராவது போட்டிருக்கிறீர்களா?