புதுப்பிப்பு: திருகோணமலையில் விஞ்ஞான, சுற்றாடல் மாணவருக்கான உள்ளகப் பயிற்சி

முந்திய பதிவில் எங்கெங்கே பயிற்சிக்குக் கேட்கலாம் என்று எழுதியிருந்தேன். அதன்கீழ் அதிகம் வந்த கேள்வி: நிலாவெளிக்கு அப்பால் கடலில் இருக்கும் புறாமலைத் தீவில் பவளப்பாறை ஆய்வு வேலையை எந்த மாதங்களுக்குக் கேட்பது?

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் சரிவரும். நவம்பரில் வாடைக்காற்று பிடித்தால் கடல் கலங்கிவிடும், படகும் ஓடாது. பல்கலைக்கழக விடுமுறை டிசம்பரில் விழுந்தால் ஆய்வுகூட வேலையைத் தேடுங்கள்.

புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டு ஆய்வு அனுமதி ஆகாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அது வரத் தாமதமாகும், ஆகவே மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். செத்த பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது.

பயிற்சி கேட்டு எழுதும் கடிதம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம், "ஏதாவது பயிற்சி தாருங்கள்" என்று மொட்டையாக எழுதுவது. தொடங்கும் திகதி, முடியும் திகதி, மேற்பார்வையாளர் பெயர், துறைத்தலைவர் ஒப்பம், காப்புறுதி யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கட்டும்.

போகுமுன் பவளத்தின் பரப்பை அளக்கும் ஒரு முறையையாவது பழகுங்கள்: 50 மீற்றர் நாடாவை விரித்து, 50 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாக அடியில் இருப்பது உயிர்ப்பவளமா, மணலா, வேறெதுவா என்று குறித்தால் 100 புள்ளி, உயிர்ப்பவளம் விழுந்த புள்ளிகளின் எண்ணிக்கையே அதன் சதவீதம். 0 மீற்றரையும் சேர்த்தால் 101 ஆகிவிடும், பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள். நாடா நீரோட்டத்தில் ஆடினாலும் கணக்குப் பிழைக்கும்; இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள், உயிர்ப்பவளத்தில் அல்ல.